கதவைச் சாத்திவிட்டுக் கூட்டுங்கள்

டிஸ்கி: இது கொஞ்சம் டெக்னிக்கலான பதிவு. ஆனால் ஓஎஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்கும் புரியும்படிதான் எழுதியிருக்கிறேன் (நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான்). கொஞ்சம் சூடாகவும் இருக்கும். கேன்டீனில் ஆரம்பித்த சண்டை, அங்கே முடியவில்லை, அதனால் இங்கே.

சண்டை என்னவென்றால், நம்ம கிளாஸ் நண்பர் ஒருவர் (பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும்) டீ குடித்துக்கொண்டே இரண்டு தத்துவம் உதிர்த்தார். ஒன்று: "ஷட்டவுன்ல படிக்க என்னடா இருக்கு? ரேம் காலியாயிடும், அடுத்த தடவை எல்லாம் புதுசா ஆரம்பிக்கும்." இரண்டு: "ரீபூட் மைனஸ் எஃப் போடுறவன் அனுபவிக்கட்டும். ஒழுங்கா ஷட்டவுன் பண்ணத் தெரியாதவனுக்காக கெர்னல்ல எதுக்குக் கோடு எழுதணும்?"

சுற்றியிருந்த ஆறு பேரும் தலையாட்டினார்கள். எனக்கு அதுதான் எரிச்சல். இந்த இரண்டு தத்துவமும் தப்பு. சும்மா தப்பு இல்லை, ராத்திரி இரண்டு மணிக்கு ஒருத்தனைத் தூக்கத்தில் இருந்து எழுப்பி பைக் ஓட்ட வைக்கிற அளவுக்குத் தப்பு. அந்த ஒருத்தன் நான்தான்.

முதலில் அந்தக் கதை. எங்கள் ஊர் எளாவூர். தெரியாதவர்களுக்கு: கல்கத்தா ரோட்டில் ஆந்திரா எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய செக்போஸ்ட் வருமே, அதே எளாவூர். லோக்கல் ரயில்கள் பெரும்பாலும் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். அதற்கு அடுத்த ஸ்டேஷன் நாங்கள். இரண்டு வருஷம் முன்பு லீவில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு எடுபிடியாக இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். சர்வர் ஒன்றே ஒன்று. சென்டோஸ் 7, கெர்னல் 3.10 வரிசை. அதில் கேவிஎம் வைத்து மூன்று விர்ச்சுவல் மெஷின்: எடைமேடை பில், அட்டெண்டன்ஸ், அக்கவுண்ட்ஸ். அண்ணன் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார். சில நொடிக்கு ஒருமுறை பார்க்கும், விஎம் எதுவும் ஓடவில்லை என்றால் உடனே எழுப்பிவிடும். நல்ல எண்ணத்தில் எழுதியதுதான்.

ஒரு ராத்திரி அந்த மூன்றும் உட்கார்ந்திருந்த டிஸ்க் சாகக் கிடந்தது. மூன்று விஎம்மும் விழுந்தன. ஸ்கிரிப்ட் எழுப்பும், டிஸ்க்கைப் படிக்க முடியாமல் விழும், மறுபடி எழுப்பும், மறுபடி விழும். அண்ணன் வீட்டிலிருந்து ஒழுங்கான ரீபூட்தான் முதலில் போட்டார். நகரவில்லை. செத்த டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டு சில ப்ராசஸ்கள் கில்லுக்கும் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அரை மணி நேரம் பொறுத்துவிட்டு ரீபூட் மைனஸ் எஃப் போட்டார். பிங் நின்றது. அதற்குப் பிறகு வரவே இல்லை.

எனக்கு போன். "தம்பி, நீதான்டா பக்கம். கொஞ்சம் போய் பவர் பட்டனை அமுக்கிட்டு வா." போனேன். கேட்டில் லோடு லாரிகள் வரிசையாக நின்றன. எடைச் சீட்டு வராமல் ஒன்றும் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. டிரைவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... சர்வர் ரூமில் திரை கறுப்பு, விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டனை ஐந்து நொடி அமுக்கிப் பிடித்து, விட்டு, மறுபடி போட்டேன். சமர்த்தாக எழுந்துவிட்டது.

ஏன் ரீபூட்டில் தொங்கியது? பவரை முழுசாக நிறுத்திப் போட்டதும் ஏன் சரியானது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் இந்தப் பதிவே வருகிறது. அன்று நடந்தது நூற்றுக்கு நூறு இதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், கறுப்புத் திரை லாக் எழுதி வைக்காது. ஆனால் சூழ்நிலை பொருந்துகிற மாதிரி வேறு எதுவும் பொருந்தவில்லை. படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

இன்டெல் 2005 நவம்பரில் விர்ச்சுவலைசேஷன் வசதியைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்தது. ஏஎம்டி 2006ல். லினக்ஸ் பக்கம் கும்ரானெட் என்ற கம்பெனியின் ஆவி கிவிட்டி 2006 அக்டோபரில் கேவிஎம்மை வெளியிட்டார், 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 கெர்னலில் அது சேர்ந்துவிட்டது. கேவிஎம்மின் அழகு என்னவென்றால், விர்ச்சுவல் மெஷின் என்பது இன்னொரு சாதாரண ப்ராசஸ், அவ்வளவுதான். அனுமதி இருக்கிற எந்த ப்ரோக்ராமும் ஒரு டிவைஸ் கோப்பைத் திறந்து "எனக்கு ஒரு விஎம் கொடு" என்று கேட்கலாம்.

யாராவது கேட்கும்போது அடியில் நடப்பது சின்ன விஷயம் இல்லை. கெர்னல் ஒவ்வொரு கோரிலும் விஎம்எக்ஸ்ஆன் என்ற கட்டளையைப் போடும். அந்த நொடியிலிருந்து அந்தக் கோர் வேறு ஒரு நிலைக்குப் போய்விடுகிறது. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் சில விதிகள் மாறிவிடும். அதில் நமக்கு வேண்டியது ஒன்று: இனிட் என்ற சிக்னலை அந்தக் கோர் இனிமேல் கண்டுகொள்ளாது.

இனிட் என்றால்? மெஷின் ரீபூட் ஆகும்போது பயாஸ் ஒரு கோரில்தான் முதலில் ஓடும். மற்ற கோர்களை அது எழுப்புவது இனிட்டை அனுப்பித்தான். "எல்லாத்தையும் மறந்துட்டு எழுந்து வாங்கப்பா" என்று கூப்பிடுகிற மாதிரி. விஎம்எக்ஸ் நிலையில் இருக்கிற கோருக்கு அந்தக் குரல் காதில் விழாது. பயாஸ் கூப்பிட்டுக்கொண்டே நிற்கும், கோர் வராது. திரை கறுப்பு, விசிறி ஓடும். பவரை நிறுத்தினால் மட்டும்தான் எல்லா நிலையும் உண்மையாகவே அழியும்.

முதல் தத்துவம் இங்கேயே அடிபட்டுவிட்டது, கவனித்தீர்களா? ரீபூட் என்பதும் பவர் ஆஃப் என்பதும் ஒன்றில்லை. ரேமில் இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சரி. பிராசசரே ஒரு நிலையில் மாட்டிக்கொண்டிருப்பதை யார் விடுவிப்பது? ப்ராசஸ் செத்தால் கெர்னல் சுத்தம் பண்ணும். கெர்னல் போனால்? அதற்குக் கீழே யாரும் இல்லை.

இது கேவிஎம்காரர்களுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். கோடில் ஒரு கமெண்ட் இருந்தது: விஎம்எக்ஸ் நிலையில் ரீபூட் செய்தால் சில பயாஸ்கள், குறைந்தபட்சம் என்னுடையதாவது, தொங்கிவிடுகிறது என்ற அர்த்தத்தில். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆவி கிவிட்டிக்கும் ராத்திரி பவர் பட்டன் அனுபவம் இருந்திருக்கிறது :-) அதனால் ரீபூட் என்றதும் எல்லாக் கோரிலும் விஎம்எக்ஸை அணைக்க ஒரு வழி செய்தார்கள். சிலருடைய திரையில் ஷட்டவுன் ஆகும்போது கடைசி வரியாக "கேவிஎம்: எக்ஸிட்டிங் ஹார்ட்வேர் வர்ச்சுவலைசேஷன்" என்று வருமே, அது இதுதான். (அந்த வரியோடு மெஷின் நின்றுவிட்டால் எல்லோரும் கேவிஎம்மைத் திட்டுவார்கள். பாவம், பெரும்பாலும் அதற்குப் பிறகு வருகிற வேறு ஏதோ ஒன்றுதான் தொங்கியிருக்கும். கடைசியாகப் பேசியவன் குற்றவாளி ஆகிவிடுகிறான்.)

பிறகு என்ன பிரச்சனை? வரிசைதான் பிரச்சனை. அணைக்கிற அந்த வேலையை ரீபூட் நோட்டிஃபையர் என்ற பட்டியலில் சேர்த்திருந்தார்கள். ரீபூட் ஆரம்பித்ததும் கெர்னல் முதலில் அந்தப் பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் தகவல் சொல்லும். அதற்குப் பிறகுதான் "சிஸ்டம் இப்போது ரீஸ்டார்ட் நிலையில் இருக்கிறது" என்று தன் பலகையையே மாற்றும். அதற்கும் பிறகு டிவைஸ்களை ஒவ்வொன்றாக நிறுத்தும். கடைசியில்தான் மெஷினை ரீசெட் செய்யும். இந்த இடைவெளி முழுக்க கேவிஎம்மின் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கூட்டிப் பெருக்கியாயிற்று, வாசல் சாத்தவில்லை. ஒரு ப்ரோக்ராம் அந்த நேரம் பார்த்து வந்து "எனக்கு ஒரு விஎம்" என்று கேட்டால், கெர்னல் பணிவாக எல்லாக் கோரிலும் விஎம்எக்ஸை மறுபடி போட்டுவிடும். அப்புறம் அதே நிலையில் ரீசெட்டுக்குப் போகும்.

ஒழுங்கான ஷட்டவுனில் இது வராது. அங்கே எல்லா ப்ராசஸும் முன்பே கொல்லப்பட்டிருக்கும், கேட்க ஆள் இருக்காது. ரீபூட் மைனஸ் எஃப் போட்டால் யாரையும் கொல்லாமல் நேராகக் கெர்னலிடம் போகும். மற்றக் கோர்களில் ப்ராசஸ்கள் கடைசி வரை ஓடிக்கொண்டிருக்கும். அண்ணனின் ஸ்கிரிப்ட் உட்பட. இன்னொரு நுணுக்கம்: அந்தக் காலக் கேவிஎம்மில் உயிரோடு ஒரு விஎம் கூட இல்லாதபோது முதலாவது விஎம் பிறந்தால்தான் விஎம்எக்ஸ் சுவிட்ச் போடப்படும். ஏற்கெனவே ஒன்று இருந்தால் எண்ணிக்கை மட்டும் கூடும். நம் சர்வரில் மூன்றும் செத்து, ஸ்கிரிப்ட் திரும்பத் திரும்ப முதல் விஎம்மை எழுப்பிக்கொண்டிருந்தது. இந்தப் பிழைக்கென்றே ஒருவர் மேடை போட்டுக் கொடுத்த மாதிரி!

இதைச் சரிசெய்தது 2023 மே மாதம். சீன் கிறிஸ்டோஃபர்சன் எழுதிய இரண்டு சின்னப் பேட்ச். ஒன்று, அணைக்கிற வேலையை நோட்டிஃபையரிலிருந்து எடுத்து, பலகை மாறிய பிறகு, ரீசெட்டுக்குச் சற்று முன்னால் ஓடுகிற இடத்துக்குத் தள்ளியது. இரண்டு, பலகை மாறியிருந்தால் புதிதாக விஎம் கேட்பவனுக்கு "பிஸி" என்று மறுப்பது. முதலில் கதவு, பிறகு துடைப்பம். 2007க்கும் 2023க்கும் நடுவில் எத்தனை வருஷம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

எங்கள் மாமா சிப்காட்டில் ஒரு ஸ்டீல் யூனிட்டில் இண்டக்ஷன் ஃபர்னஸ் பார்க்கிறவர். இந்தக் கதையைச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவே இல்லை. "மாப்ள, கரண்ட் போனா ஃபர்னஸ் நின்னுடும்னு நீ நினைக்கிற. கரண்ட்தான் நிக்கும். உள்ள உருகின இரும்பு அப்படியே இருக்கும்ல? சுத்தி இருக்கிற காயிலுக்குத் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். அதுக்குன்னு மேல தனி டேங்க் வச்சிருக்கோம்" என்றார். அந்த டேங்க் உற்பத்திக்கு ஒரு கிலோ கூடச் சேர்க்காது. வருஷம் முழுக்க சும்மா நிற்கும். அதை யாரும் வீண் செலவு என்று சொல்வதில்லை, காயில் போனால் என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். "ஒழுங்கா நிறுத்தத் தெரியாதவன் அனுபவிக்கட்டும்" என்று ஃபர்னஸ் பக்கத்தில் நின்று யாராவது சொன்னால் மாமா என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது.

இரண்டாவது தத்துவத்துக்கு வருகிறேன். மைனஸ் எஃப் போடுகிறவன் யார்? சோம்பேறியா? டிஸ்க் தொங்கி, நெட்வொர்க் கோப்பு தொங்கி, ஒழுங்கான வழி அடைபட்டவன்தான் போடுகிறான். யூபிஎஸ் கத்திக்கொண்டிருக்க, பத்து நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு போடுகிறான். அதாவது, எல்லாம் கெட்டுப்போன பிறகு கடைசியாகக் கையில் எடுக்கிற கருவி அது. கடைசிக் கருவி எல்லாம் நன்றாக இருக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும் என்றால் அது எதற்கு? தீயணைப்புக் கருவியைத் தீ இல்லாத நேரத்தில் மட்டும் பயன்படுத்தவும் என்று எழுதி ஒட்டுவது போல.

நண்பர் இன்னொரு வாதம் வைத்தார், அது கொஞ்சம் கனமானது என்பதால் மரியாதையாகவே பதில் சொல்கிறேன். "கிராஷ்-ஒன்லி" என்று ஒரு கொள்கை இருக்கிறது. ஜார்ஜ் காண்டியாவும் ஆர்மாண்டோ ஃபாக்ஸும் 2003ல் எழுதிய கட்டுரை. ஒழுங்காக நிறுத்த ஒரு வழி, கிராஷ் ஆக ஒரு வழி என்று இரண்டு வைக்காதே; எப்படியும் கிராஷைத் தாங்கித்தான் ஆகவேண்டும், அதனால் நிறுத்துவதையே கிராஷாக வைத்துக்கொள் என்பது சாராம்சம். நல்ல யோசனைதான். அப்ளிகேஷன் எழுதுகிறவர்களுக்கு நான் அதையே சிபாரிசு செய்வேன். ஆனால் செத்தவனை எடுத்துப் போட்டுவிட்டு இடத்தைச் சுத்தமாகக் கொடுக்க வெளியே ஒருவர் இருந்தால்தான் அது நடக்கும். டேட்டாபேஸ் சாகலாம், கெர்னல் இருக்கிறது. கெர்னலுக்கு அப்படி இருப்பது பயாஸ். அந்த பயாஸ் கூப்பிடுகிற குரலையே நாம் அடைத்துவிட்டுப் போகிறோம் என்பதுதான் இங்கே விஷயம்.

அதற்காக ஷட்டவுனில் எல்லாவற்றையும் பதமாகப் பிரித்து அடுக்கி வைக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கேவிஎம் அதைச் செய்வதும் இல்லை. ஓடுகிற விஎம்களை அழகாக மூட நேரம் எடுப்பதில்லை, அவற்றின் காலடியிலிருந்து ஹார்ட்வேரை உருவிவிடுகிறது. அதனால் வருகிற பிழைகளை "இது எதிர்பார்த்ததுதான்" என்று ஒரு கொடியை உயர்த்திவிட்டுக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. செய்வது மிகக் குறைவு. அந்தக் குறைவைச் சரியான வரிசையில் செய்தால் போதும், அவ்வளவுதான் என் கட்சி.

வரிசை என்றதும் இன்னொன்று. கெர்னல் பேனிக் ஆகும்போது கதை இன்னும் மோசம். அங்கே பொறுமையாகப் பட்டியல் ஓட்ட முடியாது. மற்றக் கோர்களுக்கு மறுக்க முடியாத இன்டர்ரப்ட் (என்எம்ஐ) ஒன்றை அனுப்பி, இருந்த இடத்திலேயே விஎம்எக்ஸை அணை என்று சொல்ல வேண்டும். விஎம்எக்ஸில் இல்லாத கோரில் விஎம்எக்ஸ்ஆஃப் போட்டால் அதுவே ஒரு ஃபால்ட். ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கிற கெர்னலில் இன்னொரு ஃபால்ட். இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு பிட் இருக்கிறது, ஆனால் அது "அனுமதி உண்டு" என்று மட்டும்தான் சொல்லும், "உள்ளே இருக்கிறேன்" என்று சொல்லாது. இரண்டுக்கும் நடுவில் சில கட்டளை தூரம். அந்தச் சந்தில் என்எம்ஐ வந்து விழுந்தால் போச்சு. 2020ல் இதைக் கண்டுபிடித்துப் புகார் செய்தவர் டேவிட் பி. ரீட். ஆமாம், நெட்வொர்க்ஸ் பேப்பரில் எண்ட்-டு-எண்ட் வாதம் என்று படித்தோமே, அதை எழுதிய மூவரில் ஒருவர். கடைசியில் வந்த தீர்வு: ஃபால்ட் வந்தால் விழுங்கிவிட்டுப் போய்க்கொண்டே இரு. அசிங்கமாக இருக்கிறதா? எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. சாகிற நேரத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஏஎம்டி விஷயம் கேளுங்கள், அது இன்னும் வேடிக்கை. ஏஎம்டியில் நிலையே வேறு. அங்கே குளோபல் இன்டர்ரப்ட் ஃபிளாக் என்று ஒன்று. அதை இறக்கினால் இனிட் உட்பட எல்லாமே வாசலில் காத்திருக்கும். அவசர ரீபூட் வழியில் இன்டெல்லின் விஎம்எக்ஸை அணைக்கிற கோடு 2008லேயே எழுதப்பட்டது. அதே வழியில் ஏஎம்டிக்கும் அதைச் செய்யும் பேட்ச் 2022 கடைசியில்தான் எழுதப்பட்டது, 2023ல் சேர்ந்தது. ஏன் இத்தனை தாமதம்? யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஷட்டவுனில் வருகிற பிழை தன் சாட்சியைத் தானே எரித்துவிட்டுப் போகிறது. பவர் பட்டனை அமுக்குகிறோம், மெஷின் எழுகிறது, மறந்துவிடுகிறோம். அண்ணன் அன்று காலை சொன்னதும் அதுதான்: "சில நேரம் அப்படித்தான்டா."

"சரிப்பா, 2023ல் சரியாகிவிட்டதே, இப்போது எதற்கு இத்தனை ஜல்லி?" என்று கேட்பவர்களுக்கு. 2024ல் வந்த 6.12 கெர்னலுக்குப் பிறகு உங்கள் மெஷினில் வர்ச்சுவல்பாக்ஸ் "விஎம்எக்ஸ் ரூட் மோடில் இருக்கிறது" என்று மூக்கால் அழுததே, ஞாபகம் இருக்கிறதா? ஹாஸ்டலில் பாதிப் பேர் வர்ச்சுவல்பாக்ஸை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தீர்கள். காரணம் என்ன தெரியுமா? 6.12லிருந்து முதல் விஎம் பிறக்கும் வரை கேவிஎம் காத்திருப்பதில்லை. மாட்யூல் லோடாகும்போதே எல்லாக் கோரிலும் சுவிட்சைப் போட்டுவிடுகிறது, டீஃபால்ட்டாகவே. பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் பிராசசரில் வசதி இருந்தாலே அந்த மாட்யூல் தானாக லோடாகிவிடும். ஆக, வாழ்க்கையில் ஒரு விஎம் கூட ஓட்டாத உங்கள் லேப்டாப்பும் இப்போது காலையிலிருந்து ராத்திரி வரை விஎம்எக்ஸ் நிலையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ரீபூட்டிலும் அந்தச் சின்னக் கோடு ஓடி, ஒவ்வொரு கோராகக் கையைப் பிடித்து இறக்கிவிட்டுத்தான் பயாஸிடம் ஒப்படைக்கிறது. "யாரோ சர்வர்காரனுக்காக எழுதிய கோடு" இப்போது உங்களுக்காக ஓடுகிறது தல.

நம் சிலபஸ் என்ன செய்கிறது? பூட் லோடர் வரைபடம் வரையச் சொல்லி மார்க் கொடுக்கிறார்கள். பயாஸ், பூட் லோடர், கெர்னல், இனிட் ப்ராசஸ் என்று அம்புக்குறி போட்டு நானும் வரைந்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் போகிற அம்புக்குறியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ப்ராஜெக்ட் டெமோவிலும் எழுந்து ஓடினால் கைதட்டல், நிறுத்துவது எப்படி என்று கேட்டால் கண்ட்ரோல்-சி.

அந்த சர்வர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். டிஸ்க்கை மாற்றினார்கள். ஸ்கிரிப்டில் நான் ஒரு வரி சேர்த்தேன்: ஒரு கோப்பு இருந்தால் எதையும் எழுப்பாதே. ரீபூட் போடும் முன் அண்ணன் அந்தக் கோப்பை உருவாக்க வேண்டும். உருவாக்குகிறாரா என்று கேட்டதற்குச் சிரித்தார். சென்டோஸ் 7க்கு 2024 ஜூனோடு ஆதரவு முடிந்துவிட்டது. போன மாதம் பார்த்தபோதும் அதே 3.10தான் ஓடிக்கொண்டிருந்தது. பவர் பட்டன் மேல் மட்டும் யாரோ சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், இருட்டில் சீக்கிரம் தெரிய.

நண்பருக்கு ஒரு அழைப்பு. லேபில் ஓரமாக ஒரு பழைய இன்டெல் மெஷின் கிடக்கிறது, சார் அனுமதி கொடுத்துவிட்டார். பழைய கெர்னல் ஒன்றும் புதுசு ஒன்றும் போட்டு, விஎம்மை எழுப்பிக் கொல்லும் லூப்பை ஓடவிட்டு, மைனஸ் எஃப் போட்டுப் பார்க்கப்போகிறேன். எத்தனை தடவையில் ஒரு தடவை மாட்டும் என்று தெரியாது, பொறுமை வேண்டும். சனிக்கிழமை பத்து மணி. நான் கீபோர்டில் உட்காருகிறேன், நீங்கள் பவர் பட்டன் பக்கத்தில் நில்லுங்கள். டீ என் செலவு.